மாடியில் ஒரு காத்தாடி

ராத்திரி இரண்டு மணிக்கு அடுக்களை அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் அதிர ஆரம்பிக்கும். முதலில் ஒன்று மட்டும், மெல்லிசாக. அப்புறம் அதன் பக்கத்தில் கவிழ்த்து வைத்தது. காற்று ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு வந்துவிட்டால் மொத்த அலமாரியும் சேர்ந்துகொள்ளும். பந்தி முடிந்து பாத்திரத்தை அள்ளிக்கொண்டு ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். காற்று இன்னும் வேகமெடுத்தால் சத்தம் நின்றுவிடும். குறைந்தாலும் நின்றுவிடும். நடுவில் அந்த ஒரே வேகத்தில்தான் மாடியில் நின்ற காத்தாடிக்கும் அடுக்களை டம்ளருக்கும் அப்படியொரு ஒட்டுறவு. வீட்டுக்காரி டம்ளர்களுக்கு அடியில் பழைய துண்டை விரித்து வைத்தாள். மறுநாள் ஜன்னல் கண்ணாடி ஆரம்பித்தது.

இது 2018 முதல் 2020 வரை மூன்று ஆடி மாதங்களின் கதை. வீட்டு மாடியில் சின்னதாக ஒரு காற்றாலை வைத்தால் கட்டுப்படியாகுமா என்று இன்றைக்கும் மாதம் ஒருவராவது என்னிடம் கேட்டுவிடுகிறார்கள். போனில் அரைகுறையாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் ஊர் காவல்கிணறுக்குப் பக்கம். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. முப்பந்தல் காத்தாடிகளுக்குக் கிழக்கே என்றால் தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலை கன்னியாகுமரிக்கு வந்து முடிவதற்கு முன்னால் ஆரல்வாய்மொழியில் ஓர் இடைவெளி விடுகிறது. தென்மேற்குப் பருவக் காற்று அந்தச் சந்துக்குள் நுழைந்து, நெருக்கியடித்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்து விழும். தமிழ்நாட்டுக்குக் காற்றைத் தருகிற முக்கிய வாசல்கள் மூன்று: பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி. நாங்கள் மூன்றாவது வாசலின் நடையில் குடியிருக்கிறோம். வைகாசி பிறந்தால் குடையை மடித்து உள்ளே வைத்துவிட வேண்டும். எங்கள் ஆச்சி வாசலில் கோலம் போட ஆனி, ஆடி இரண்டு மாதமும் ஈர மாவுதான் எடுப்பாள். உலர்மாவு கையை விட்டுத் தரைக்கு வந்து சேராது.

தமிழ்நாட்டில் முதல் காற்றாலைகள் 1986இல் தூத்துக்குடிப் பக்கம் முள்ளக்காட்டில் வந்தன. ஒவ்வொன்றும் 55 கிலோவாட். எங்கள் பக்கத்துக்குத் தொண்ணூறுகளில் வந்து குவிந்தன. உடைமரம் தவிர எதுவும் முளைக்காத நிலத்துக்கு விலை வந்தது. இன்றைக்கு மாநிலத்தில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை நிற்கிறது. நாகர்கோவில் பஸ்ஸில் முப்பந்தலைத் தாண்டும்போது ஜன்னலோரம் இருக்கிற வெளியூர்க்காரர் யாராவது கட்டாயம் கேட்பார்: "இவ்வளவு காத்து அடிக்குதே, நீங்க எல்லாம் வீட்டுக்கு ஒன்னு வச்சுக்கிட்டா கரண்ட் பில்லே வராதே?"

இந்தக் கேள்வியைச் சிரித்துக் கடந்துவிடுகிற ஆளாகத்தான் நானும் இருந்தேன், 2017 நவம்பர் 30 வரைக்கும். அன்றைக்கு ஒக்கிப் புயல் வந்தது. வாழையும் ரப்பரும் சாய்ந்ததைப் பத்திரிகைகள் எழுதின. கரண்ட் கம்பங்கள் வரிசையாக விழுந்து கிடந்ததை நாங்கள் நடந்தே போய்ப் பார்த்தோம். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர ஒன்பது நாள் ஆயிற்று. இன்வெர்ட்டர் பாட்டரி முதல் ராத்திரியே படுத்துவிட்டது. எட்டாவது நாள், மெழுகுவர்த்தியும் கிடைக்காமல், தேங்காய் எண்ணெயில் அகல் ஏற்றிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மலைப்பக்கம் பார்த்தேன். ஆயிரக்கணக்கில் காத்தாடிகள். அதன் அடியில் இருட்டில் நாங்கள். அவை எல்லாம் மின்வாரியக் கம்பியோடு பிணைந்தவை, கம்பியில் கரண்ட் இல்லையென்றால் அவையும் நிற்கத்தான் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் எரிச்சலாக இருந்தது. சொந்தமாக ஒன்று வைக்க வேண்டும் என்று முடிவு கட்டியது அந்த எரிச்சலில்தான். எரிச்சலில் வாங்கிய பொருள் எதுவும் எனக்கு உருப்பட்டதில்லை.

விற்றவர் பெயர் வேண்டாம். நல்ல மனுஷர்தான், சாப்பிட்டுவிட்டுத்தான் போவார். தன் விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு கிலோவாட் காத்தாடி. ஒரு மணி நேரம் சுற்றினால் ஒரு யூனிட். 24 மணி நேரம் சுற்றினால் 24 யூனிட். "உங்க ஊர்ல பாதி நேரம் சுத்தாதா அண்ணாச்சி? 12 யூனிட்னு வச்சுக்குங்க." வைத்துக்கொண்டேன். இறக்கை, ஜெனரேட்டர், மாடித்தளத்தில் நிறுத்த மூன்று மீட்டர்க் குழாய், கன்ட்ரோலர், நான்கு பாட்டரி, இன்வெர்ட்டர், கூலி எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து அறுபதாயிரம். மே மாதக் கடைசியில், காற்றுச் சீசன் தொடங்குகிற வாரத்தில் மாட்டினோம். தெருவே வந்து பார்த்தது. தேங்காய் உடைத்தோம்.

காத்தாடியின் முதுகில் ஒட்டியிருந்த தகட்டை நான் படித்தது ஒரு மாதம் கழித்து. 1 கிலோவாட் என்று போட்டு, அதற்குக் கீழே பொடி எழுத்தில், நொடிக்கு 12 மீட்டர் காற்றில் என்று இருந்தது. அதாவது மணிக்கு 43 கிலோமீட்டர். மரக்கிளை முழுசாக ஆடும், குடை பிடிக்க முடியாது, அப்படிப்பட்ட காற்று. அந்தக் காற்று எங்கள் ஊரில் உண்டு. ஆனால் அது 24 மணி நேரமும் வீசினால் நாங்கள் ஊரைக் காலி செய்துவிட்டுத்தான் போக வேண்டும்.

சரி, 12 மீட்டருக்குப் பதிலாக 6 மீட்டர் வேகத்தில் வீசினால் பாதி கரண்ட் வருமா? இங்கேதான் எல்லாரும் வழுக்கி விழுகிறோம். பாதி இல்லை, எட்டில் ஒரு பங்குதான் வரும். வேகம் பாதியானால் இறக்கையைக் கடக்கிற காற்றின் அளவு பாதியாகிறது. அந்தக் காற்றில் ஒவ்வொரு கிலோவும் சுமந்து வருகிற சக்தியோ கால் பங்காகிவிடுகிறது. பாதியில் கால், அரைக்கால். ஆகவே 6 மீட்டரில் 125 வாட். 4 மீட்டரில் 27இல் ஒரு பங்கு, 37 வாட், இரண்டு எல்.இ.டி. குழல்விளக்கு எரிக்கலாம். 3 மீட்டருக்குக் கீழே இறக்கை சும்மா அழகுக்குச் சுற்றும், பாட்டரிக்கு ஒன்றும் போகாது. கீழே நின்று பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது. "ஜம்முனு சுத்துது பாருங்க" என்பார்கள். மீட்டரில் பூஜ்யம் இருக்கும்.

இதற்கு மேல் இன்னொரு வரம்பும் இருக்கிறது. காற்றில் உள்ள சக்தி முழுவதையும் எந்த இறக்கையாலும் பிடிக்க முடியாது. பிடித்தால் காற்று இறக்கைக்குப் பின்னால் அசையாமல் நின்றுவிடும். அது நின்றால் பின்னால் வருகிற காற்றுக்கு வழி ஏது? பஸ்ஸில் ஏறியவன் படியிலேயே நின்றுகொண்டால் அடுத்தவன் ஏற முடியாதே, அது மாதிரி. ஆல்பர்ட் பெட்ஸ் என்ற ஜெர்மானியர் 1919இல் இதைக் கணக்குப் போட்டு, அதிகபட்சம் 59.3 சதவீதம் என்று முடித்துவிட்டார். பெரிய காற்றாலைகள் அந்த வரம்பை ஓரளவு நெருங்குகின்றன. இரண்டு மீட்டர் விட்டமுள்ள என் காத்தாடி போன்றவை அதில் பாதிக்கு வந்தாலே பெரிது.

இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிற விஷயம். புத்தகத்தில் இருந்தாலும் என் மண்டையில் ஏறாத விஷயம் ஒன்று உண்டு. காற்று இருக்கிற ஊர் வேறு, காற்று இருக்கிற மாடி வேறு.

காற்று ஓடை மாதிரி. ஓடையில் ஒரு பாறை கிடந்தால் தண்ணீர் அதில் மோதி, சுழித்து, பின்பக்கம் நுரை தள்ளிக்கொண்டு போகும். காற்றுக்கு என் வீடுதான் அந்தப் பாறை. அந்தப் பாறையின் தலையிலேயே ஒரு குழாயை நட்டு, சுழிப்புக்குள் இறக்கையைச் சுற்றவிட்டிருந்தேன். போதாததற்கு மேற்கே, காற்று வருகிற திசையிலேயே, நாலு தென்னை. அதற்கு அந்தப் பக்கம் இரண்டு மாடி வீடு. சின்னக் காற்றாலை வைக்கிறவர்கள் பொதுவாகச் சொல்கிற விதி: சுற்று வட்டாரத்தில் 150 மீட்டருக்குள் இருக்கிற எந்த மரத்தையும் கட்டடத்தையும்விட 9 மீட்டராவது உயரத்தில் இறக்கையின் கீழ்நுனி இருக்க வேண்டும். என் தென்னைகள் 15 மீட்டர். அப்படியென்றால் 24 மீட்டருக்கும் மேலே போகிற கோபுரம். என் காத்தாடி நின்றது தரையிலிருந்து பத்தே மீட்டரில். விற்றவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இதை வாங்குவதற்கு முன்னால் பத்து ரூபாய்ச் செலவில் கண்டுபிடித்திருக்கலாம் என்பதுதான் கொடுமை. நீளமான மூங்கில் கழியில் மீட்டருக்கு ஒன்றாகப் பழைய கேசட் நாடாவைக் கட்டி மாடியில் நிறுத்திப் பார்த்தேன், வாங்கிய மறு வருஷம். கீழே கட்டிய மூன்று நாடாவும் கிறுக்குப் பிடித்த மாதிரி மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை, கழியையே ஒரு சுற்று. உச்சியில் இருந்த ஒன்று மட்டும் கொஞ்சம் கிழக்கே பார்த்து நின்றது, அதுவும் விட்டுவிட்டு. தென்னை உச்சியில் ஓலைகள் ஒரே பக்கமாக வாரிவிட்ட தலைமுடி போலக் கிடந்தன. நல்ல காற்று அங்கே போய்க்கொண்டிருந்தது, எங்கள் தலைக்கு மேலே.

காத்தாடியும் அந்தக் கீழ்நாடா மாதிரிதான் நடந்துகொண்டது. காற்று எந்தப் பக்கம் என்று தெரியாமல் வாலை ஆட்டி ஆட்டித் திரும்பும். முழுச் சுற்றும் சுற்றிவிடும். ஜெனரேட்டரிலிருந்து குழாய்க்குள் இறங்குகிற மூன்று கம்பிகளும் அதோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை அடியில் இணைப்பைக் கழற்றி, முறுக்கைப் பிரித்துவிட்டு மாட்ட வேண்டும். ஆச்சி தலை பின்னிவிட்ட காலத்தில் தங்கச்சி ரிப்பனைப் பிரிக்கிற ஞாபகம் வரும்.

ஒரு கணக்கு நோட்டு வைத்திருந்தேன், இன்னும் இருக்கிறது. 2018 ஜூன் முதல் 2019 மே வரை மொத்தம் 212 யூனிட். மிக நல்ல நாளில் 2.6 யூனிட். ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கு மாதத்தில் மட்டும் 160க்கு மேல். நவம்பர் மாதம் முழுக்கச் சேர்த்து 3 யூனிட். நவம்பர்! எந்த மாதத்துப் புயலுக்குப் பயந்து இதை வாங்கினேனோ, அந்த மாதத்தில் எங்கள் ஊரில் காற்றே இருக்காது. புயல் வந்தால் காற்று வரும், ஆனால் அப்போது காத்தாடியைக் கட்டிப்போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் இறக்கை பறந்துவிடும். ஆக, புயலுக்கு முன்னாலும் கரண்ட் இல்லை, புயலிலும் இல்லை, பின்னாலும் இல்லை. இதை என் மச்சான் கண்டுபிடித்துச் சொன்னபோது அவனோடு இரண்டு நாள் பேசவில்லை.

யூனிட்டுக்கு ஐந்து ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும் ஆண்டுக்கு 1,060 ரூபாய். போட்ட முதல் திரும்பி வர 150 வருஷம். பாட்டரி நாலு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியதை இதில் சேர்க்கவில்லை.

நான் மட்டும் ஏமாளி இல்லை என்று பிற்பாடு தெரிந்தது. இங்கிலாந்தில் 2006 வாக்கில் வீட்டுக் கூரையில் காற்றாலை வைக்கிற மோகம் வந்து, அவை நிஜத்தில் எவ்வளவு தருகின்றன என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். வார்விக் காற்றுச் சோதனை என்று பெயர். 2009இல் முடிவு வந்தது. கட்டடங்களின் மேல் நின்ற 26 காற்றாலைகளை அளந்ததில் ஒன்றுக்கு ஒரு நாள் சராசரி 214 வாட்மணி. அதாவது கால் யூனிட்டுக்கும் குறைவு. பழுதாகி நின்ற நாட்களையும் சேர்த்த கணக்கு அது. சில காற்றாலைகள் தம் இன்வெர்ட்டரை விழித்திருக்க வைக்கவே சம்பாதித்ததைவிட அதிகமாகக் கரண்ட் தின்றிருக்கின்றன. என் சராசரி 580 வாட்மணி. வெள்ளைக்காரனைவிட இரண்டரை மடங்குக்கும் மேல். மச்சானிடம் இதைச் சொன்னேன். "முப்பந்தல்ல வச்சுட்டு அவ்வளவுதானா அத்தான்?" என்றான்.

அப்படியென்றால் மலையடியில் நிற்கிற பெரிய காத்தாடிகள் மட்டும் எப்படிச் சம்பாதிக்கின்றன? அவை காற்றை நம்பி மட்டும் நிற்கவில்லை. உயரத்தையும் அகலத்தையும் நம்பி நிற்கின்றன. இறக்கை வட்டத்தின் விட்டம் இரட்டித்தால் அது அள்ளுகிற காற்று நான்கு மடங்கு. 120 மீட்டர் விட்டமுள்ள இன்றைய இயந்திரம் ஒன்று என்னுடையதைப்போல் 3,600 மடங்கு காற்றை அள்ளுகிறது. அதுவும் வீடும் மரமும் தொடாத உயரத்தில். திறந்த வெளியிலேயே 10 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்குப் போனால் காற்று சுமார் பத்து சதவீதம் கூடும், சக்தி மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். பள்ளிக்கரணையில் இருக்கிற தேசியக் காற்றாற்றல் நிறுவனம் போடுகிற காற்று வரைபடங்கள் 50 மீட்டரில் தொடங்கி 150 மீட்டர் வரை உயரத்துக்கு உயரம் தனித்தனியாக இருப்பதன் காரணமும் இதுதான். அந்த வரைபடத்தில் எங்கள் வட்டாரம் சிவந்து கிடப்பதைப் பார்த்து நெஞ்சு நிமிர்ந்தேன். அந்தச் சிவப்பு என் மொட்டை மாடிக்குப் பொருந்தாது.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய காத்தாடி நிமிஷத்துக்குப் பதினைந்து சுற்றுப் போல நிதானமாகச் சுற்றும். சின்னது அப்படிச் சுற்றினால் ஒன்றும் தேறாது. என்னுடையது நல்ல காற்றில் நிமிஷத்துக்கு 600 சுற்று. இறக்கை நுனி மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். பகலில் தெரியாது. ராத்திரி ஊர் அடங்கியபின் தலைமாட்டில் யாரோ விடிய விடியச் சேலையைக் கிழிப்பது மாதிரி இருக்கும். பக்கத்து வீட்டு அண்ணாச்சி தன் கோழிகள் முட்டை வைப்பதை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். கோழி விஷயம் உண்மையா என்று தெரியாது. அவர் என்னோடு டீ குடிப்பதை நிறுத்தியது உண்மை. ஒரு நாள் சமாதானமாகப் போகலாம் என்று, "வேணும்னா உங்க வாசல் லைட்டுக்கும் இதுலேர்ந்து ஒரு லைன் இழுத்துத் தாரேன்" என்றேன். "அந்தச் சனியன் கரண்ட் எனக்கு வேண்டாம்வே" என்றார்.

இதற்கு நூற்றிமுப்பது வருஷப் பாரம்பரியம் இருக்கிறது என்று அப்போது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஜேம்ஸ் பிளைத் என்ற கிளாஸ்கோ பேராசிரியர், 1887 ஜூலையில், ஸ்காட்லாந்தில் மேரிகெர்க் என்ற ஊரில் தன் விடுமுறை வீட்டுத் தோட்டத்தில் துணிப்பாய் கட்டிய காற்றாலை ஒன்றை நிறுத்தி, பாட்டரியில் சேமித்து வீட்டுக்கு விளக்கேற்றினார். காற்றில் கரண்ட் எடுத்த முதல் வீடு அதுதான் என்கிறார்கள். மிச்சக் கரண்டை ஊர்த்தெருவுக்கு விளக்கெரிக்கத் தருகிறேன் என்றார். இது சாத்தானின் வேலை, வேண்டாம் என்றுவிட்டது ஊர். மறு வருஷம் அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்தில் சார்லஸ் பிரஷ் என்ற பணக்காரர் தன் மாளிகைக்குப் பின்னால் 144 மரப்பட்டிகைகள் கொண்ட 17 மீட்டர்ச் சக்கரத்தை நிறுத்தினார். அவ்வளவு பெரிய சக்கரத்திலிருந்து வந்தது 12 கிலோவாட். நிலவறையில் நூற்றுக்கணக்கான பாட்டரி ஜாடிகள் வைத்து, இருபது வருஷம் ஓட்டினார்.

1930களில் அமெரிக்கப் பண்ணைவீடுகளில் காற்றாலை சர்வசாதாரணம். ஜேக்கப்ஸ் சகோதரர்கள் செய்த காற்றாலைகள் ஆயிரக்கணக்கில் விற்றன. ரேடியோ கேட்கவும் நாலு பல்ப் எரிக்கவும் வேறு வழி இல்லை, கரண்ட் கம்பி அங்கே வரவில்லை. 1936இல் கிராமப்புற மின்மயச் சட்டம் வந்தது. கம்பி வந்த ஊரிலெல்லாம் காத்தாடி இறங்கியது. வீட்டுக் காற்றாலையின் ஜாதகமே இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அது கம்பிக்குப் போட்டி இல்லை. கம்பி எட்டாத இடத்துப் பிள்ளை.

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் இப்படிப்பட்ட இடங்கள்தாம். இலங்கையின் மின்கம்பி கடல் தாண்டி அங்கே போகவில்லை, டீசலில்தான் கரண்ட் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்திய உதவியோடு அங்கே கலப்பு மின்நிலையம் கட்ட 2024இல் ஒப்பந்தம் போட்டார்கள். அதன் திட்டக் கணக்கைப் பாருங்கள்: காற்றாலை 530 கிலோவாட், சூரியத் தகடு 1,700 கிலோவாட், பாட்டரி, அதற்கும் மேலே அவசரத்துக்கு டீசல். சுற்றிலும் கடல், காற்றுக்குப் பஞ்சமில்லாத தீவு. அங்கேயும் வெயிலுக்கு மூன்று பங்கு, காற்றுக்கு ஒரு பங்கு.

காற்றுக்கு அந்த ஒரு பங்கு ஏன் வேண்டும் என்பதை என் நோட்டே சொல்லும். ஆடியில் எங்களுக்குக் காற்றோடு மேகமும் வரும். சாரல் விழும். 2021இல் நான் மாடியில் மூன்று கிலோவாட் சூரியத் தகடு போட்டேன். மாசி, பங்குனியில் நாளுக்கு 13, 14 யூனிட் தருகிற தகடு, சாரல் நாளில் 5 யூனிட்டுக்கு இறங்கிவிடுகிறது. ராத்திரியில் பூஜ்யம். காற்று அப்படி இல்லை. அதற்கு ராத்திரி பகல் தெரியாது. வெயில் படுக்கிற மாதத்தில்தான் அது எழும். கம்பியே இல்லாத இடத்தில் தகட்டை மட்டும் நம்பினால் பாட்டரியை இரண்டு மடங்கு வாங்கிப்போட வேண்டும். பக்கத்தில் ஒரு காத்தாடி நின்றால் அந்தச் செலவு குறையும். இதை அதன் சாதகம் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் கம்பி இருக்கிற வீட்டுக்கு அந்தக் கம்பியே பாட்டரி. பகலில் கொடுத்துவிட்டு ராத்திரி வாங்கிக்கொள்ளலாம். வீட்டுச் சூரியத் தகட்டுக்கு இப்போது மத்திய அரசு 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியமும் தருகிறது. தகட்டில் சுற்றுகிற பாகம் ஒன்றுமில்லை. மாதம் ஒரு தடவை குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் சரி.

காத்தாடியில் எல்லாமே சுற்றுகிற பாகம். அதன் விலையை நான் கட்டியது 2020 ஆடியில்.

காற்றாலையின் பாட்டரி நிரம்பிவிட்டால் மிச்சக் கரண்டை எரித்துத் தீர்க்க ஒரு ஹீட்டர் காயில் வைத்திருப்பார்கள். அது வீணடிப்பதற்காக இல்லை. காத்தாடிக்கு எப்போதும் பாரம் வேண்டும். பாரம் இறக்கிய வண்டியில் மாடு பிய்த்துக்கொண்டு ஓடுவது போல, சுமை போனால் இறக்கை தறிகெட்டுச் சுற்றும். வேகம் மிஞ்சினால் வால் மடிந்து, முகத்தைக் காற்றிலிருந்து திருப்பிக்கொள்ள வேண்டும், அது இரண்டாவது காவல். மூன்று கம்பியையும் ஒன்றாகச் சேர்த்துவிடுகிற சுவிட்ச் மூன்றாவது. அதைப் போட்டால் ஜெனரேட்டரே தன்னைத்தானே பிடித்து நிறுத்திக்கொள்ளும். அன்றைக்கு ராத்திரி ஒன்றரை மணிக்கு முதல் காவலின் வயர் கருகிவிட்டது. கடற்காற்றின் உப்பில் வால் கீல் துருவேறி இறுகியிருந்ததால் வால் மடியவில்லை. மே மாதம் எண்ணெய் விட வேண்டும் என்று நோட்டில் என் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறது. விடவில்லை.

சேலை கிழிகிற சத்தம் ஹெலிகாப்டர் சத்தமானபோது எழுந்தேன். டம்ளர்கள் அமைதியாக இருந்தன. அவற்றின் வேகத்தைத் தாண்டிப் போய்விட்டிருந்தது. மாடிக்கு ஓடி சுவிட்சைப் போட்டேன். ஒரு நொடி முனகியது, நிற்கவில்லை. அந்த வேகத்தில் காற்றின் பிடி ஜெனரேட்டர் காயிலின் பிடியைவிடப் பெரிது. சுவிட்சைத் தொட்டால் கை சுட்டது. போட்டபடியே விட்டால் காயில் எரிந்துவிடும், எடுத்தால் இறக்கை பறந்துவிடும். எடுத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரி பிள்ளைகளை எழுப்பி மேற்கு அறையிலிருந்து முன்கூடத்துக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைத்தாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு மணிக்குக் காற்று ஒரு மூச்சு தணிந்தது. சுவிட்சைப் போட்டேன், நின்றது.

விடிந்து பார்த்தால் ஓர் இறக்கையின் நுனியில் ஒரு சாண் நீளத்துக்குக் காணோம். பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் தென்னையில், மட்டைக்கு நடுவில் செருகிக்கொண்டு இருந்தது. அவர்தான் ஆளை ஏறவைத்து எடுத்துக் கொடுத்தார். கையில் கொடுக்கும்போது, "நல்லவேளை தென்ன இருந்துச்சு" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன்.

அந்த வாரமே இறக்கிவிட்டோம்.

ஒரு வருஷம் திண்ணையில் கிடந்தது. பழைய இரும்புக்குப் போட மனசு வரவில்லை. மச்சானுக்கு ராதாபுரம் போகிற வழியில் முருங்கை விளை இருக்கிறது. மோட்டாருக்கு மானியத்தில் சோலார் பம்பு போட்டிருக்கிறான். விவசாயக் கரண்ட் இணைப்பு இன்னும் வரவில்லை. ராத்திரிக் காவலுக்கு விளக்கு வேண்டும். சுற்றிலும் வெட்டவெளி, முருங்கையைவிட உயரமாக ஒன்றுமில்லை. அவனாகத்தான் கேட்டான். புது இறக்கை மூன்று வாங்கி, கீலை மாற்றி, 18 மீட்டர்க் குழாய்க்கம்பம் செய்தோம். நாலு பக்கமும் இழுவைக்கம்பி. அடியில் கீல் வைத்திருப்பதால், கையால் சுற்றிக் கம்பியை இழுக்கிற வின்ச்சால் கம்பத்தையே தரையில் சாய்த்துவிடலாம். யாரும் ஏற வேண்டியதில்லை. இந்த ஏற்பாட்டுக்கு ஆன செலவு காத்தாடியின் விலையைவிடக் கூடுதல். முதலிலேயே இப்படித்தான் செய்திருக்க வேண்டும். ஐப்பசி பிறந்ததும் சாய்த்துப் படுக்கவைத்து, எண்ணெய் விட்டு, தார்ப்பாய் போர்த்தி, அடுத்த சித்திரையில் நிமிர்த்துகிறோம். முதல் வருஷமே 600 யூனிட்டைத் தாண்டிவிட்டது. அதே காத்தாடி, அதே ஜெனரேட்டர். கம்பி முறுக்கிக்கொள்வதும் அநேகமாக நின்றுவிட்டது. காற்று ஒரே பக்கமாக வருகிறது, அதுவும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறது.

மாடிக்கு ஏற்றது என்று பம்பரம் மாதிரியும் பூ மாதிரியும் நட்டுக்குத்தாகச் சுற்றுகிற காத்தாடி வீடியோக்களை வாட்ஸப்பில் அனுப்பிக் கேட்கிறார்கள். எந்தப் பக்கத்துக் காற்றையும் பிடிக்கும் என்பது உண்மை. சுழிப்புக் காற்றில் பிடிப்பதற்கு என்ன இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. பார்க்க அழகாக இருக்கும், வாசலில் வைக்கலாம்.

வீட்டுக்குக் காற்றாலை வைக்கலாமா என்று கேட்பவர்களிடம் இப்போது நான் காற்றைப் பற்றியே கேட்பதில்லை. உங்கள் இடத்துக்குக் கரண்ட் கம்பி வந்திருக்கிறதா என்று கேட்பேன். வந்திருக்கிறது என்றால் தகடு போடுங்கள் என்று பேச்சை முடித்துவிடுவேன். வரவில்லை என்றால், எண்ணெய் விட ஆள் இருக்கிறதா என்பேன். அதற்கு உடனே பதில் வந்தால் மட்டும் மச்சானின் நம்பரைக் கொடுப்பேன்.

மாடியில் நட்ட அந்த மூன்று மீட்டர்க் குழாயை மட்டும் பிடுங்க முடியவில்லை, கான்கிரீட்டில் இறுகிவிட்டது. வீட்டுக்காரி அதற்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் கொடிக்கயிறு கட்டியிருக்கிறாள். ஆடியில் துணி காய முக்கால் மணி நேரம் போதும். க்ளிப்பு மட்டும் நாலுக்கு எட்டாகப் போட வேண்டும். போன வாரம் என் வேட்டி ஒன்று பறந்துபோய் அண்ணாச்சியின் தென்னையில் சிக்கிக்கொண்டது. ஆளை ஏறவைத்து அவரே எடுத்துக் கொடுத்தார், டீயும் குடித்துவிட்டுப் போனார்.